ஓட்டை போட்ட டிஸ்க்

உப்புவெளிப் பக்கமிருந்து ஒரு தம்பி கார் கொண்டுவந்தார். பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் உதறுகிறதாம். முன் சில்லைக் கழற்றினேன். அழகுக்காக அவரே வாங்கிப் பூட்டிய, ஓட்டை போட்ட டிஸ்க் (சில்லோடு சுற்றும் பிரேக் தட்டு). மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சோக் தேய்த்துவிட்டுக் கொஞ்சம் பொறுத்தேன். வெள்ளைக்குள் ஈரக் கோடுகள் ஊறி வந்தன, ஓட்டைக்கு ஓட்டை. ஓட்டையைச் சுற்றி நகத்தில் தட்டாத மெல்லிய வெடிப்பென்றால் கொஞ்சக் காலம் பார்க்கலாம். இதில் ஒன்று விளிம்பையே தொட்டிருந்தது.

"சூட்டில வெடிச்சதோ அண்ணை?"

ஓம் என்றிருக்கலாம். நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் சூடு செய்வது பாதி வேலைதான். டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பேட் உரசும் மேற்பரப்பு சட்டென்று சூடாகி விரியப் பார்க்கும். உள்ளே அவ்வளவு சூடேறாத இரும்பு அதை விடாது. இடமில்லாமல் மேற்பரப்பு நசுங்கிப்போகும். அப்புறம் ஆறிச் சுருங்கும்போது அளவு பத்தாமல் இழுபடும். வார்ப்பிரும்பு நசுக்கினால் தாங்கும், இழுத்தால் தாங்காது. வெடிப்பு திறப்பது அந்த நேரத்தில்தான். அதுவும் ஒரே நாளில் இல்லை, சூடாகி ஆறி, சூடாகி ஆறி. இழுவை ஓட்டையின் ஓரத்தில் குவிவதால் தொடக்கமும் அங்கேயே.

கதையைக் கேட்டேன். நுவரெலியாவிலிருந்து இறம்பொடை வளைவுகளில் கியரைக் குறைக்காமல் பிரேக்கிலேயே இறங்கியிருக்கிறார். கீழே தேத்தண்ணிக் கடையில் நிறுத்தி, பிரேக் மணக்குது என்று ஒரு வாளி தண்ணீரும் ஊற்றியிருக்கிறார்!

1500 கிலோ கார் 100 கிலோமீற்றர் வேகத்திலிருந்து ஒருதரம் நின்றால், அந்தச் சூட்டில் 2 லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரலாம். வேகம் 200 என்றால் 8 லீற்றர். கன்னியா வெந்நீரூற்றில் ஏழு கிணறு இருந்தும் ஒன்றாவது கொதிக்கிறதா?

எனக்குக் கோபம் அந்த ஓட்டைகள் மேல்தான். பழைய காலத்துப் பேட்கள் சூட்டில் வாயு கக்கும். அது வெளியேறப் போட்ட வழி அது. இன்றைய பேட்களுக்கு அவ்வளவு தேவையில்லை. ரேஸ் கார்களில் பெரும்பாலும் ஓட்டையில்லாமல் மேற்பரப்பில் பள்ளக் கோடு வெட்டிய டிஸ்க்தான். நடுப்பகுதியைத் தனியாகப் பூட்டி, டிஸ்க் விரிய இடமும் விட்டிருப்பார்கள்.

சாதாரண டிஸ்க் போட்டு அனுப்பினேன். வெடித்ததை எறிய விடவில்லை, கையோடு கொண்டுபோய்விட்டார். சுவரில் மணிக்கூடு செய்யப்போகிறாராம்.