ஆணிப் பலகையில் இரண்டு விளக்குகள்

மன்னார்குடியில் பங்குனித் திருவிழா என்றால், வெண்ணெய்த்தாழிக்கு அடுத்தபடியாக எங்களை இழுத்தது சீரியல் செட்தான். விளக்கு ஓடுவதற்குப் பின்னால் ஒரு மோட்டார் சுற்றும். உருளையில் தகடுகள் தொட்டுத் தொட்டு விலகும், பொறி பறக்கும். "சுத்துற பாகம் எதுவுமே இல்லாம விளக்கை இமைக்க வைக்கலாம், சனிக்கிழமை லேபுக்கு வாங்கடா" என்றார் பிசிக்ஸ் சார். தொண்ணூறுகளில் நம் பள்ளியில் படித்தவர்களுக்கு அந்தச் சனிக்கிழமைகள் மறந்திருக்காது.

இரண்டு டிரான்சிஸ்டர்களை வைத்து இரண்டு சின்ன விளக்குகளை மாறி மாறி இமைக்க வைக்கும் சர்க்யூட் அது. சாமான்கள் எல்லாம் பந்தலடி பக்கத்து ரேடியோ கடையில் வாங்கியவை. பிசி 547 டிரான்சிஸ்டர், 470 ஓம் ரெசிஸ்டர், 47 கிலோ ஓம் ரெசிஸ்டர், 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், சிவப்பு எல்.இ.டி., எல்லாம் இரண்டிரண்டு. பென்சில் செல் மட்டும் நான்கு. 9 வோல்ட் பேட்டரியை சார் தொடவிடமாட்டார். டிரான்சிஸ்டருக்கு பேஸ், எமிட்டர், கலெக்டர் என்று மூன்று கால். இந்தச் சர்க்யூட்டில் பேஸின் வோல்ட் பூஜ்யத்துக்குக் கீழேயும் இறங்கும். பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையே தலைகீழாக ஏறத்தாழ 6 வோல்ட்தான் அது தாங்கும். 9 வோல்ட் கொடுத்தால் அந்த எல்லையைத் தாண்டிவிடும்.

அவர் அச்சிட்ட போர்டு எதுவும் தரவில்லை. ஒரு முழப் பலகை, அதன்மேல் சர்க்யூட் படத்தைப் பெரிதாக வரைந்து ஒட்டிய தாள், இணைப்பு வரும் இடமெல்லாம் ஒரு சின்னப் பித்தளை ஆணி. ஆணியிலேயே சால்டரிங். படத்தில் எந்த இடமோ பலகையிலும் அதே இடம். இதற்கு இணையான பாடம் சொல்லும் முறையை நான் பிறகு எந்தக் கல்லூரியிலும் பார்க்கவில்லை. இன்றைய பிள்ளைகள் ப்ரெட்போர்டில் செருகிவிட்டு, எந்தக் கம்பி எங்கே போகிறது என்று தேடுவதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பலகைதான் ஞாபகத்துக்கு வருகிறது.

ரெசிஸ்டரில் ஒரு சங்கடம் உண்டு. 470க்கும் 47 கிலோவுக்கும் முதல் இரண்டு வளையம் ஒன்றுதான், மஞ்சள், ஊதா. மூன்றாவதுதான் பழுப்பா ஆரஞ்சா என்று மாறும். குண்டு பல்பு வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். அதனால் எல்லோரும் ஜன்னலோரம் போய்ப் பார்த்துப் பிரித்து வைக்க வேண்டும். மாற்றி வைத்தால் இமைப்பே கண்ணுக்குத் தெரியாது. அப்புறம் எல்.இ.டி.யின் நீளக் கால் பாசிட்டிவ் பக்கம், கெப்பாசிட்டரில் கோடு போட்ட கால் பேஸ் பக்கம். இந்த இரண்டும் சரியாக இருந்தால் பாதி வேலை முடிந்தது.

சரி, ஏன் இமைக்கிறது? ஒரு டிரான்சிஸ்டர் திறந்தால், அதாவது தன் வழியே மின்சாரத்தை ஓடவிட்டால், அதன் விளக்கு எரியும், அதன் கலெக்டர் சடாரென்று பூஜ்யத்துக்கு இறங்கும். கெப்பாசிட்டர் வழியாக அந்த இறக்கம் எதிர்ப்பக்கத்து பேஸையும் கீழே இழுத்து, அந்த டிரான்சிஸ்டரை மூடிவிடும். பிறகு 47 கிலோ ஓம் வழியாக அந்த பேஸ் மெல்ல ஏறும். 0.6, 0.7 வோல்ட்டைத் தொட்டதும் இது திறக்கும், அது மூடும். சார் இதை வயலுக்குத் தண்ணீர் கட்டுவதை வைத்துச் சொன்னார்: ரெசிஸ்டர் மடை, கெப்பாசிட்டர் வயல். மடை குறுகினாலும் நேரமாகும், வயல் பெரிதானாலும் நேரமாகும். ஆற்றுத் தண்ணீர் பார்த்து வளர்ந்த பையன்களுக்கு வேறு விளக்கம் எதற்கு? அதற்குப் பிறகு 0.69ஐ ஓமாலும் ஃபாரடாலும் பெருக்கு என்றபோது யாருக்கும் பயமில்லை. 47 கிலோவுக்கும் 10 மைக்ரோவுக்கும் ஒரு பக்கத்துக்குச் சுமார் 0.32 விநாடி. எல்.இ.டி. தன் பங்குக்குக் கொஞ்சம் வோல்ட் எடுத்துக்கொள்வதால் நிஜத்தில் இன்னும் சற்றுக் குறையும்.

ஆனால் உண்மையான காட்சி, 10 மைக்ரோவைக் கழற்றிவிட்டு 100 மைக்ரோ வைத்தபோதுதான். ஒவ்வொரு விளக்கும் மூன்று விநாடி போல நின்று எரியும். சார் பேஸில் மீட்டரை வைத்தார். முள் பூஜ்யத்துக்கு இடப்பக்கம் போய் முட்டியது, மெல்லத் திரும்பியது, பூஜ்யத்தைத் தாண்டியது, விளக்கு மாறியது. சூத்திரத்தில் இருந்ததை முள்ளில் பார்த்தோம்.

1919இல் பிரான்ஸில் ஆப்ரகாம், பிளாக் என்ற இருவர் பழைய ரேடியோ வால்வுகளை வைத்து வெளியிட்ட சர்க்யூட்டின் வழிவந்ததுதான் இது. ஹான்ஸ் கமென்சிண்ட் 1971இல் வடிவமைத்த 555 ஐ.சி. இதே வேலையை ஒரே சில்லுக்குள் செய்துவிடும். நல்ல ஐ.சி.தான், ஆனால் உள்ளே நடப்பது தெரியாது. அது இரண்டாவது பாடமாக வரட்டும்.

நம் முன்னாள் மாணவர் சங்கம் பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வாங்கித் தர யோசிப்பதாக அறிந்தேன். நல்லது, செய்வோம். கூடவே ஒன்பதாம் வகுப்புக்குப் பலகை, ஆணி, மேலே சொன்ன சாமான்கள், 25 வாட் சால்டரிங் அயர்ன்கள் கொஞ்சம் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். அந்தச் செலவில் பெரும்பங்கை நான் ஏற்றுக்கொள்கிறேன். பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது சனிக்கிழமைகளில் பிள்ளைகளோடு உட்காரவும் தயார். மீட்டர் மட்டும் முள் வைத்ததாகவே வாங்குங்கள். டிஜிட்டல் மீட்டரில் எண்கள் தாவும், பேஸ் மெல்ல ஏறுவது பிள்ளைகளுக்குத் தெரியாது.