ஐப்பசி, கார்த்திகை: கம்ப்யூட்டர் லேப் நாட்குறிப்பு

21 அக்டோபர் 2024, திங்கள்

மினி ப்ராஜெக்ட் தலைப்பு முடிவாகிவிட்டது. பாக் விரிகுடா, மன்னார் வளைகுடா இரண்டிலும் கடல் மேற்பரப்பு வெப்பநிலை, 1981-இலிருந்து இன்றுவரை. "டேட்டா எல்லாம் இலவசம்மா, உட்கார்ந்து செய்ய வேண்டியதுதான்" என்றார் சார். எங்கே உட்காருவது என்பதுதான் சிக்கல்.

என்னிடம் லேப்டாப் இல்லை. அரசு இலவச மடிக்கணினி 2011-இல் ஆரம்பித்த திட்டம். எங்கள் தெருவில் அக்காமார் அண்ணன்மார் பலர் வாங்கியிருக்கிறார்கள். எங்கள் செட் பிளஸ் டூ முடித்தது 2021-இல், பரீட்சையே ரத்தான வருடம். மடிக்கணினியும் வரவில்லை. ஆக எனக்கு வாய்த்தது வளாகத்து லேப்தான். 24 சிஸ்டம் இருக்கிறது என்று போர்டில் எழுதியிருக்கிறது. ஆன் ஆவது 17. காலையில் யூஜி பிராக்டிகல், மதியம் இன்னொரு துறைக்கு. மூன்று மணிக்குத்தான் நமக்கு. நாலே முக்காலுக்குப் பூட்டு. பாம்பன் வழி போகும் என் பஸ்ஸும் கிட்டத்தட்ட அந்த நேரம்தான்.

24 அக்டோபர், வியாழன்

நான் எடுப்பது அமெரிக்க நிறுவனமான நோவா தரும் ஓஐஎஸ்எஸ்டி. செயற்கைக்கோள், கப்பல், மிதவை எல்லா அளவையும் சேர்த்து, உலகத்தைக் கால் பாகைக் கட்டங்களாகப் பிரித்து, நாளுக்கு ஒரு கோப்பாகக் கொடுக்கிறார்கள். 1981 செப்டம்பர் 1-இலிருந்து ஆரம்பம். கிழமேல் 1440 கட்டம், தென்வடல் 720. பத்து லட்சத்துக்குச் சற்று மேல்.

ஒரு நாள் கோப்பு ஒன்றரை எம்பிக்கு மேல். இதுவரை 15,700 நாளுக்கு மேல் ஆகிறது. பெருக்கினால் 25 ஜிபி பக்கம். லேப் சர்வரில் எனக்கு ஒதுக்கிய இடம் 2 ஜிபி. என் போன் பேக் நாளுக்கு ஒன்றரை ஜிபி. இதில் தம்பி ஹாட்ஸ்பாட் கேட்பான் வேறு.

பக்கத்துச் சீட்டில் இருந்த தொண்டிக்காரி சிரித்தாள். "உனக்கு எதுக்குடி அட்லாண்டிக் கடல்?"

அவள் கேலியாகக் கேட்டதுதான், ஆனால் கேள்வி சரி. பஸ்ஸில் அதையேதான் யோசித்துக்கொண்டு வந்தேன்.

28 அக்டோபர், திங்கள்

அட்லாண்டிக் வேண்டாம் என்று சொல்ல வழி இருக்கிறது. இதே டேட்டாவை எர்டாப் என்ற சேவை வழியாகவும் கேட்கலாம். அட்சரேகை இங்கிருந்து இங்கே, தீர்க்கரேகை இங்கிருந்து இங்கே, தேதி இதிலிருந்து இதுவரை என்று முகவரியிலேயே எழுதி அனுப்பினால், அந்தப் பக்கத்து சர்வர் வெட்டி எடுத்து நம் பங்கை மட்டும் தரும்.

நான் போட்ட பெட்டி: வடக்கு 8.5 முதல் 10.5 வரை, கிழக்கு 78 முதல் 80.5 வரை. அதற்குள் எட்டுக்குப் பத்து, 80 கட்டம். அதிலும் பல கட்டம் தரை. ராமநாதபுரம் மாவட்டமும் இலங்கைக் கரையும் உள்ளே விழுகின்றன, அங்கெல்லாம் வெறுமையாக வரும். 80 கட்டம், 15,700 சொச்சம் நாள், ஓர் எண்ணுக்கு நாலு பைட். மொத்தம் 5 எம்பி! கல்யாண ஆல்பத்தில் ஒரு போட்டோ அவ்வளவு இருக்கும்.

ஆனால் வேகமாக வராது. அங்கே ஒவ்வொரு நாளும் தனிக் கோப்பு என்பதால், ஒரு வருடம் கேட்டால் அந்த சர்வர் 365 கோப்பைத் திறந்து மூட வேண்டும். முழுவதையும் ஒரே மூச்சில் கேட்டால் பாதியில் அறுந்துபோகிறது. வருடம் வருடமாகத்தான் கேட்க வேண்டும்.

தீபாவளி விடுமுறை வருகிறது. நாளை மறுநாள் முதல் லேப் கிடையாது.

5 நவம்பர், செவ்வாய்

இன்று ஃபயர்பாக்ஸ் பிரவுசர் திறக்கவே இல்லை. "ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது" என்கிறது. நான் இப்போதுதான் உட்கார்ந்தேன், எங்கே ஓடுகிறது? லேப் அண்ணன் வந்து பார்த்தார். விடுமுறைக்கு முன் ஆறாம் நம்பர் சிஸ்டத்தில் நான் வேலை செய்துகொண்டிருந்தபோது கரன்ட் போனது நினைவிருக்கிறதா என்றார். இங்கே எந்தச் சீட்டில் லாகின் செய்தாலும் நம் ஃபோல்டர் சர்வரிலிருந்துதான் வருகிறது. தான் ஓடுவதற்கு அடையாளமாக ஃபயர்பாக்ஸ் அன்று போட்ட பூட்டுக் கோப்பு அப்படியே அங்கே கிடந்திருக்கிறது. அதை அழித்ததும் திறந்துவிட்டது.

ஆக நல்ல கீபோர்டு இருக்கும் பதினோராம் நம்பருக்காக நாங்கள் ஓடி ஓடி இடம் பிடிப்பதில் கீபோர்டைத் தவிர வேறு லாபம் இல்லை.

8 நவம்பர், வெள்ளி

டேட்டா வேலை நடக்கவில்லை. லேப் அண்ணனோடு ஏழு செத்த சிஸ்டங்களைப் பிரித்துப் பார்த்ததில் நேரம் போனது. பிராக்டிகலை விட இது பிடித்திருந்தது.

கடலோரத்தில் கம்ப்யூட்டரைக் கொல்வது உப்பு. காற்றில் வரும் உப்பு போர்டில் படியும். உப்பு ஈரத்தை இழுக்கும், ஈரம் செம்பை அரிக்கும். யூஎஸ்பி முனைகளிலும் போர்டில் சில இடத்திலும் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. வாடைக் காற்று தொடங்கும் ஐப்பசியில்தான் சாவு அதிகம் என்கிறார் அண்ணன். ஏசி போடுவதும் ஜன்னலைச் சாத்தி வைப்பதும் நம் சுகத்துக்கு என்று நினைத்திருந்தேன். ஏசி காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சுவதால்தான் இந்த 17-உம் உயிரோடிருக்கின்றன. ஜன்னலைத் திறந்து வைத்து உச்சிப்புளி விமானதளத்து ஹெலிகாப்டரை வேடிக்கை பார்க்கிற பையன்களை அவர் ஏன் அப்படித் திட்டுகிறார் என்று இன்று புரிந்தது.

வைத்தியம் எளிது. ரேமை உருவி, அதன் முனையைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து, தூசியைத் தட்டி, திரும்ப அழுத்திச் செருக வேண்டும். இரண்டு சிஸ்டம் எழுந்துவிட்டன. மூன்றாவது பீப் பீப் என்று கத்தியதோடு சரி. இப்போது 19.

13 நவம்பர், புதன்

காலையில் பஸ்ஸில் எல்லோரும் எழுந்து நின்று கடலைப் பார்த்தார்கள். புது ரயில் பாலத்தில் ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் ஆய்வு. பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தியதிலிருந்து மண்டபத்தோடு வண்டி நின்றுவிடுகிறது. இது திறந்தால் நானும் பஸ்ஸை விட்டுவிடலாம். பார்ப்போம்.

லேபில் இன்று எரிச்சல். வருடத்துக்கு ஒன்றாக இறக்கும் பைதான் நிரல் தயார். மூன்றே காலுக்கு ஓட விட்டேன். 1981, 82, 83 என்று அழகாக வந்துகொண்டிருந்தது. நாலே முக்காலுக்கு மெயின் ஸ்விட்ச் இறங்கியது. ஐந்து நிமிடம் கேட்டும் பயனில்லை. பூட்டுகிற ஊழியருக்கும் பஸ் இருக்கிறதே, அவரை என்ன சொல்ல? ஆனால் ஒரு பல்கலைக்கழகத்தின் லேப் வங்கிக் கவுன்டர் நேரத்தில் ஏன் நடக்க வேண்டும் என்று யாராவது யோசித்திருக்கலாம்.

15 நவம்பர், வெள்ளி

லேப் அண்ணன் சொன்னது: "சீட்ல ஏன் ஓட்டுற தங்கச்சி? சர்வர்ல ஓட்டு. அது ராத்திரியும் முழிச்சுத்தான் கிடக்கு."

சர்வருக்குள் நுழைய அனுமதி வேண்டும். துறைத் தலைவரிடம் விண்ணப்பம், ஒரு கையெழுத்து, ஒரு முத்திரை. அரை நாள் அதற்கே சரியாகிவிட்டது. அப்புறம் வேலை சுலபம். தூரத்துக் கம்ப்யூட்டருக்குள் நுழையும் எஸ்எஸ்எச் வழியாக சர்வருக்குள் போய், திரையை உயிரோடு வைத்திருக்கும் டிமக்ஸைத் திறந்து, அதற்குள் நிரலை ஓட விட்டுவிட்டு வெளியே வரலாம். நாம் வெளியேறினாலும், சீட்டின் கரன்ட் போனாலும் அது பாட்டுக்கு ஓடும். மறுநாள் எந்தச் சீட்டிலிருந்தும் அதே திரையை மறுபடி பிடித்துக்கொள்ளலாம். மற்றவர்களின் வேலை தடைபடக் கூடாது என்பதற்காக, முன்னுரிமையைக் குறைக்கும் நைஸ் என்ற கட்டளையில் 19 போடச் சொன்னார். இருப்பதிலேயே கடைசி முன்னுரிமை அதுதான். மற்றவர்கள் கேட்டது போக மிச்ச நேரத்தில் நம் வேலை ஓடும்.

நிரலில் நான் சேர்த்தது ஒரே வரி: அந்த வருடத்துக் கோப்பு ஏற்கெனவே இருந்தால் தாண்டிப் போ.

20 நவம்பர், புதன்

லேபுக்குப் போகவில்லை. போகவும் முடியாது. காலையிலிருந்து ஊற்றுகிறது. பாம்பனில் மதியம் மூன்று மணி நேரத்தில் மட்டும் 19 செ.மீ. என்று செய்தியில் சொன்னார்கள். ராமேஸ்வரத்தில் 41. தெரு எது, வாய்க்கால் எது என்று தெரியவில்லை. அடுப்படியில் தண்ணீர் ஏறி, அரிசி மூட்டையைக் கட்டில் மேல் வைத்திருக்கிறோம். அப்பா வள்ளத்தை இன்னும் மேலே இழுத்துக் கட்டிவிட்டு வந்தார்.

நேற்று மாலை ஓட விட்டு வந்தது என்ன ஆயிற்றோ. சர்வருக்கு வெளியிலிருந்து வழி கிடையாது. யுபிஎஸ் அரை மணி தாங்கும் என்று கேள்வி.

22 நவம்பர், வெள்ளி

சர்வர் நின்று எழுந்திருக்கிறது, டிமக்ஸ் திரை போய்விட்டது. ஆனால் 2009 வரையிலான கோப்புகள் பத்திரம். மறுபடி ஓட விட்டதும் இருப்பதையெல்லாம் தாண்டிக்கொண்டு 2010-இல் போய் நின்றது. அந்த ஒரு வரி சோறு போட்டுவிட்டது.

25 நவம்பர், திங்கள்

துறையில் ஒரு பேச்சு அடிபடுகிறது. "இப்போ எல்லார்கிட்டயும் லேப்டாப் இருக்கு, போன் இருக்கு, லேப் எதுக்கு? ஸ்மார்ட் கிளாஸ் ஆக்கிடலாம்."

யாரிடம் இருக்கிறது என்று கைதூக்கச் சொல்லி எண்ணினார்களா? எங்கள் வகுப்பில் பாதிப் பேரிடம் இல்லை. இருப்பவர்களில் சிலர் அண்ணனோடு பங்கு. கூகுள் கோலாபில் போடலாமே என்றார் ஒருவர். போடலாம், நானும் போனில் போட்டுப் பார்த்திருக்கிறேன். கட்டைவிரலால் பைதான் அடிப்பதே பாடு. பிரவுசரை விட்டுக் கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் போனால் இணைப்பு அறுந்து, ஓடியதெல்லாம் போகும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரேமை ரப்பரால் துடைக்கலாம், 25 ஜிபியை 5 எம்பி ஆக்கலாம், இதெல்லாம் எனக்குத் தெரிந்தது பக்கத்துச் சீட்டில் யாரோ இருந்ததால்தான். கீழக்கரையிலிருந்து வரும் ஜூனியர் பெண் இன்று அதே ஃபயர்பாக்ஸ் தகராறில் மாட்டினாள். "அக்கா, இது என்ன?" என்றாள். பூட்டுக் கோப்பைக் காட்டினேன். ஸ்மார்ட் கிளாஸில் எல்லோரும் முன்னால் பார்த்துத்தான் உட்கார வேண்டும்.

மனு எழுதியிருக்கிறோம். லேபை எடுக்க வேண்டாம், இரண்டு நாளாவது ஆறு மணி வரை திறந்து வையுங்கள் என்று. கையெழுத்துப் போட்டவர்களில் லேப்டாப் வைத்திருப்பவர்களும் உண்டு.

30 நவம்பர், சனி

ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை கடக்கிறது. இங்கே காற்று மட்டும்தான். கடலுக்கு யாரும் போகவில்லை. டேட்டா முழுவதும் வந்து சேர்ந்துவிட்டது.

4 டிசம்பர், புதன்

முதல் வரைபடம். கடைக்காரரிடம் கலர் பிரிண்ட் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். சித்திரை வைகாசியில் கோடு ஏறுகிறது, மார்கழி தையில் இறங்குகிறது. அப்பா வாங்கிப் பார்த்தார்.

"இது எந்தக் கடல்?"

"ரெண்டும்தாம்ப்பா. சராசரி."

"ரெண்டையும் எப்படி ஒண்ணாப் போடுவ? வாடை அடிக்கயில வடகடல்ல வள்ளத்த இறக்க முடியுமா? தென்கடல் அசையாமக் கிடக்கும். கச்சான் அடிச்சா அப்படியே மாறிடும். அதுக்குத்தான நாம கரை மாத்திக் கட்டுறோம்."

சரிதான். வடகடல் என்றால் பாக் விரிகுடா, தென்கடல் மன்னார் வளைகுடா, கச்சான் தென்மேற்குக் காற்று. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு கடலுக்கும் நடந்தே போகலாம். ஓஐஎஸ்எஸ்டியில் ஒரு கட்டத்தின் பக்கம் ஏறத்தாழ 28 கிலோமீட்டர். பாம்பனிலிருந்து தனுஷ்கோடி வரை ஒன்றிரண்டு கட்டத்துக்குள் முடிந்துவிடும். தீவை ஒட்டிய கட்டத்தில் வடகடலும் தென்கடலும் ஒரே எண்ணாகக் கலந்துதான் கிடக்கின்றன. தீவை விட்டுத் தள்ளி, வடக்கே சில கட்டம், தெற்கே சில கட்டம் என்று பிரித்தால்தான் இரண்டு கோடு கிடைக்கும்.

6 டிசம்பர், வெள்ளி

பிரித்தாயிற்று. தை மாதத்தில் வடகடல் கோடு தெளிவாகக் கீழே போகிறது. ஆழம் குறைந்த கடல், வாடையில் சீக்கிரம் குளிர்கிறது. கோடையில் இரண்டும் நெருங்கி வருகின்றன. சாரிடம் காட்டியதும், பவளப்பாறை வெளிறும் கணக்கையும் சேர் என்றார். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி 2010, 2016 இரண்டிலும் பாறைகள் வெளிறின. நோவாவின் பவளப்பாறைக் கண்காணிப்பில் ஒரு கணக்கு உண்டு. அந்த இடத்தின் வழக்கமான வெப்பமான மாதத்தை விட 1 டிகிரியோ அதற்கு மேலோ கூடிய வெப்பத்தை 12 வாரத்துக்கு வாரக் கணக்கில் கூட்டிக்கொண்டே வருவார்கள். கூட்டுத்தொகை 4-ஐத் தொட்டால் வெளிறல், 8-ஐத் தொட்டால் சாவு எதிர்பார்க்கலாம்.

அதற்கு அவர்கள் தரும் டேட்டா 5 கிலோமீட்டர் கட்டம். அதில் எங்கள் தீவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தனித்தனி.

10 டிசம்பர், செவ்வாய்

மனுவுக்குப் பதில் வந்தது. ஸ்மார்ட் கிளாஸ் பேச்சு இப்போதைக்கு இல்லை. அடுத்த செமஸ்டரில் செவ்வாயும் வியாழனும் ஆறு மணி வரை லேப் திறந்திருக்கும். ஹாஸ்டலில் இருப்பவர்களுக்கு நல்லது. ஆறு மணிக்குப் பிறகு கிளம்பினால் நான் வீடு சேர எத்தனை மணி ஆகும் என்று அம்மா இப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டாள். வியாழன் மட்டும் தொண்டிக்காரி அறையில் தங்கலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

5 கிலோமீட்டர் டேட்டா 1985-இலிருந்து இருக்கிறது. அதே பெட்டிக்குள் 80-க்குப் பதில் 2000 கட்டம். கணக்குப் போட்டால் 120 எம்பிக்குள் அடங்கும், என் 2 ஜிபிக்கு அது ஒன்றுமில்லை. முகவரியை மாற்றி, நைஸ் 19 போட்டு, நாலரைக்கு ஓட விட்டுவிட்டு பஸ் ஏறினேன்.