168-இலிருந்து 64-க்கு

அவருக்கு வயது 74. பித்தப்பைக் கல்லுக்கு லேப்ராஸ்கோப்பி, அதாவது சிறு துளை வழியே செய்யும் அறுவை. மயக்கம் கொடுக்கும் டாக்டர் நான். முன்னால் இருந்த கேஸ் இழுத்துக்கொண்டே போக, மதியம் ஒரு மணிக்குத்தான் தியேட்டருக்குள் வந்தார். பிபி 168/90. "பயப்படாதீங்கய்யா" என்றேன். "நீ இருக்கேல்ல தாயி" என்றார்.

தூங்கவைக்கும் மருந்தான புரோபோஃபால் கொடுத்தேன். கண் மூடவில்லை. இன்னும் கொஞ்சம் கொடுத்தேன். மூன்றாவது நிமிடம் மானிட்டரில் 64/38. சராசரி அழுத்தம் 47. 65-க்குக் கீழே போனாலே நாங்கள் பதறுவோம். சிறுநீரகமும் இதயமும் அதை நெடுநேரம் தாங்காது.

பிபியை ஏற்றும் மெஃபென்டெர்மின் போட்டு, ட்ரிப்பை வேகமாக ஓடவிட்டு, காலைத் தூக்கிவைத்தோம். ஏறிவிட்டது. நல்லபடியாக வீடு திரும்பினார். ஆனால் 168-ஐப் பார்த்ததும், இறங்கினாலும் இடமிருக்கிறது என்று நினைத்தேனே, அது என் தவறு.

மாலையில் வார்டில் மகளிடம் விசாரித்தேன். முந்தைய இரவு எட்டு மணிக்குப் பிறகு அவர் குடித்தது, காலையில் டெல்மிசார்டன் மாத்திரை விழுங்கிய ஒரு வாய்த் தண்ணீர்தான். "பிபி மாத்திரையை மட்டும் விடக்கூடாதுன்னு கொடுத்தேன் டாக்டர்." பாசத்தில் செய்தது. முந்தின நாளே நான் சொல்லியிருக்க வேண்டும்.

வயதானால் ரத்தக்குழாய்கள் விறைத்துப்போகும். அழுத்தம் இறங்கியதும் இதயத்தை முடுக்கிவிடும் அனிச்சைச் செயலும் மந்தமாகும். காய்ந்துபோன அந்த உடம்பு, குழாய்களை இறுக்கிப் பிடித்துத்தான் 168-ஐக் காட்டியது. புரோபோஃபால் அந்தப் பிடியைத் தளர்த்திவிட்டது. டெல்மிசார்டன் திரும்பப் பிடிக்க விடவில்லை. அப்புறம், இவர்களுக்கு ரத்த ஓட்டம் மெதுவானது. மருந்து மூளைக்குப் போய்ச்சேர நேரமாகும். தூங்கவில்லையே என்று அடுத்த டோஸைப் போட்டால் இரண்டு டோஸும் சேர்ந்து வேலைசெய்யும். இளவயதினருக்குக் கிலோவுக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் தேவைப்படும். இவர்களுக்கு 1 முதல் 1.5 போதும், அதையும் நிதானமாக.

இப்போதெல்லாம் மயக்கம் கொடுக்கும் முன், நெஞ்செலும்புக்குக் கீழே அல்ட்ராசவுண்ட் வைத்துக் கீழ்ப்பெருஞ்சிரையை, அதாவது உடம்பின் கீழ்ப்பாதி ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவரும் பெரிய ரத்தக்குழாயைப் பார்க்கிறேன். உடம்பு காய்ந்திருந்தால் அது அதிகம் சுருங்கும். மூச்சை இழுக்கும்போது அது எவ்வளவு சுருங்குகிறது என்பதுதான் கணக்கு. 2016-இல் வந்த ஓர் ஆய்வு, 43 சதவீதத்துக்கு மேல் சுருங்கினால் பிபி இறங்க வாய்ப்பு அதிகம் என்றது. வேறு ஆய்வுகளில் இந்த எல்லை மாறுகிறது. வயிற்றில் வாயு இருந்தால் படமே தெரியாது. அதனால் எண்ணை மட்டும் நம்புவதில்லை. போன வாரம் 81 வயது ஆச்சிக்கு 1.8 சென்டிமீட்டர் சிரை 0.8-க்குச் சுருங்கியது. இதயம் நன்றாக இருந்ததால் முதலில் 300 மில்லி ட்ரிப் ஏற்றினேன், பிபியை ஏற்றும் பினைல்எஃப்ரினைக் கையில் தயாராக வைத்துக்கொண்டேன், புரோபோஃபாலைச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தேன். சராசரி அழுத்தம் 70-க்குக் கீழே இறங்கவில்லை.

நாளை எட்டு மணிக்கு ஒரு தாத்தா. சாயங்காலம் அவர் பேத்தியிடம் பெரிய எழுத்தில் சீட்டு எழுதிக் கொடுத்தேன்: "காலை 6 மணி வரை தண்ணீர் குடிக்கலாம். டெல்மிசார்டன் நாளை வேண்டாம்." அவள் அதை இரண்டு முறை வாய்விட்டு வாசித்துவிட்டு, தாத்தாவின் தலையணைக்குக் கீழே வைத்தாள்.