அவள் வீட்டு விதி, என் வீட்டு விதி

எனக்கும் என் தோழிக்கும் பணத்தாலோ அரசியலாலோ மனஸ்தாபம் வந்ததில்லை. வந்ததெல்லாம் பிள்ளை வளர்ப்பால்தான்.

அவள் வீட்டில் தூங்குவதற்கு நேரம் என்று ஒன்று கிடையாது. சாப்பிடும்போது பையன் முன்னால் போன் ஓடும். இரண்டிலிருந்து நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. அதை அவளும் படித்திருக்கிறாள். நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வருபவளுக்கு, பையன் போன் பார்க்கும் அந்தக் கொஞ்ச நேரம்தான் மூச்சுவிடக் கிடைப்பது. அவளுக்குப் போய் நான் கட்டுரை அனுப்பினால், 'உனக்கு ஒன்றும் தெரியவில்லை' என்று மரியாதையாகச் சொல்வதாகத்தான் ஆகும். அனுப்புவதில்லை.

அவளைச் சமாளிப்பதைவிட என் மகளைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. "அவனுக்கு மட்டும் போன் தர்றாங்க. அவங்க நல்ல அம்மாவா, நீ நல்ல அம்மாவா?" என்று ஒரு நாள் கேட்டாள். அவர்கள் செய்வது தப்பு என்று வாய் தவறிச் சொன்னால் போச்சு, அடுத்த முறை போகும்போது எல்லார் முன்னாலும் வரி மாறாமல் ஒப்பித்துவிடுவாள். "அது அவங்க வீட்டு விதி, இது நம்ம வீட்டு விதி" என்றேன். "அப்போ நான் அங்கயே போறேன்" என்று பையை எடுத்துப் பொம்மைகளைத் திணிக்க ஆரம்பித்தாள்.

என்னைப் பற்றியும் தோழிக்கு ஒரு கருத்து உண்டு: நான் ஜெயிலர். எதற்கெடுத்தாலும் "விழுந்துடுவே" என்று பிள்ளையைப் பயமுறுத்துகிறேனாம். என்னோடு போனால் சறுக்குமரத்தின் முதல் படியிலேயே நின்றுவிடும் என் மகள், அவளோடு போன அன்று உச்சி வரை ஏறிவிட்டு வந்தாள். நான் ஒன்றும் பேசவில்லை.

இரண்டு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. என் காரில் ஏறும் எந்தப் பிள்ளையும் பெல்ட் போட வேண்டும். என் வீட்டில் யாரும் பிள்ளையை அடிக்கக் கூடாது. பிள்ளைகள் காதில் விழாமல், தனியாகத்தான் சொன்னேன். அப்படியும் அவள் முகம் சுருங்கிவிட்டது. கொஞ்ச நாள் போன் இல்லை. அப்புறம் அவளே கூப்பிட்டாள், அலுவலகத்தில் யாரையோ திட்டித் தீர்க்க.

இப்போதெல்லாம் அவ்வப்போது பிள்ளைகளை அப்பாக்களிடம் விட்டுவிட்டு நாங்கள் மட்டும் வெளியே போகிறோம். பிள்ளைகளைப் பற்றிப் பேசக் கூடாது என்று ஒரு விதி வைத்திருக்கிறோம். அதை அவள் வண்டியை விட்டு இறங்கும்போதே மீறிவிடுவாள்.