கிளாஸ் எபாக்சி ஷீட்: லேசர் படாமல் வெட்டி முடித்தோம்

சேலம் சூரமங்கலத்தில் எங்கள் லேசர் கடைக்கு வருவது பெரும்பாலும் அக்ரிலிக், எம்.டி.எஃப். (மரத்தூள் பலகை) வேலைதான். ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டின் மோட்டார் பேனலுக்கு டெர்மினல் போர்டு (வயர்களை இணைக்கும் மின்காப்புப் பலகை) வேண்டும் என்று 3 மி.மீ. கிளாஸ் எபாக்சி ஷீட்டோடு எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்தார். கண்ணாடி இழைத் துணியை எபாக்சி பிசினில் இறுக்கிச் செய்த பலகை அது. "ஹைலம் மாதிரிதானுங்க, லேசர்லயே போட்டுக் குடுத்துருங்க" என்றார். ஹைலம் என்பது பிசினில் இறுக்கிய இன்னொரு மின்காப்புப் பலகை. முடியாதுங்கண்ணா என்று சொல்லி, உட்கார வைத்துக் காரணத்தையும் சொன்னேன்.

எங்களுடையது 10.6 மைக்ரான் கார்பன் டை ஆக்சைடு லேசர். இந்த ஷீட்டில் உள்ள எபாக்சி பிசின் 300, 400 டிகிரியிலேயே சிதைந்து புகையாகிவிடும். கண்ணாடி இழை இளகவே 800 டிகிரிக்கு மேல் வேண்டும். இழை அறுபடுவதற்குள் சுற்றியுள்ள பிசின் கருகிவிடும். கரி மின்சாரத்தைக் கடத்தும். மின்காப்புக்கென்றே வாங்குகிற பலகையில் ஒவ்வொரு துளையைச் சுற்றியும் கரி படிந்தால், மலையில் மழைக்கால ஈரத்தில் கசிவுக்கு அதுவே வழி. அதன்பிறகு அவர் லேசர் பேச்சை எடுக்கவில்லை.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை புகை. கார்பன் மோனாக்சைடு, பீனால் எல்லாம் அதில் வரும். தீத்தடுப்புக்குப் புரோமின் சேர்த்த எஃப்.ஆர்.4 ரகமாக இருந்தால் ஹைட்ரஜன் புரோமைடும் சேரும். அது நுரையீரலையும் அரிக்கும், லேசர் மெஷினின் லென்ஸையும் அது ஓடும் தண்டவாளக் கம்பியையும் அரிக்கும். தூசுக்குப் போடும் என்95 மாஸ்க் இந்த வாயுக்களைத் தடுக்காது. ஃபேன் வைத்துச் சுவருக்கு வெளியே தள்ளுவதைப் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். வெளியே பக்கத்து வீட்டுக் குழந்தை நிற்கிறது, அவ்வளவுதான்.

ஷீட் எந்த ரகம் என்று சொல்லும் தாள் எதுவும் இல்லாததால் வெட்டவெளியில் ஒரு சோதனை செய்தோம். செம்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, ஷீட்டில் தொட்டு, மறுபடி தீயில் காட்டினால் பச்சைச் சுடர் வந்தது. குளோரினோ புரோமினோ இருக்கிறது என்று அர்த்தம். பி.வி.சி.யைக் கண்டுபிடிக்கவும் இதே சோதனைதான். லேசர் கடை வைத்திருப்பவர்கள் அவசியம் பழகிக்கொள்ள வேண்டும்.

லேசரில் அக்ரிலிக் டெம்ப்ளேட் மட்டும் வெட்டினேன். அதை ஷீட்டில் இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டி, நண்பர் பட்டறையில் ரவுட்டரில் (பிட் சுழன்று பலகையைக் குடையும் மெஷின்) வைரத்துகள் பிட் போட்டு வெட்டினோம். சாதாரண ஹெச்.எஸ்.எஸ். எஃகு பிட் கண்ணாடி இழையில் சீக்கிரம் மழுங்கிவிடும். துளைக்குக் கார்பைடு பிட், அடியில் பிளைவுட். இல்லையென்றால் பிட் வெளிவரும் பக்கம் படலம் பிரியும்.

இந்த வழியில் புகை குறைகிறது, தூசு கூடுகிறது. நுண்தூசையும் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் போட்ட வாக்குவத்தின் வாயைப் பிட்டை ஒட்டியே கட்டினோம். என்95 மாஸ்க், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, முழுக்கைச் சட்டை எல்லாம் போட்டுக்கொண்டோம். காற்றுக் குழாயால் ஊதவே கூடாது என்று பையன்களிடம் கண்டிப்பாகச் சொன்னேன். ஊதினால் இழை பட்டறை முழுக்கப் பறந்து மூச்சில் ஏறும். முடிந்ததும் கையைத் தேய்க்காமல் குளிர்ந்த தண்ணீரில் கழுவினோம். வேலைச் சட்டையை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம். நமைச்சல் குடும்பத்துக்கே ஒட்டும்.

வெட்டிய ஓரங்களில் இழை திறந்து கிடந்தால் ஈரம் உறிஞ்சும். அதனால் இன்சுலேட்டிங் வார்னிஷ் பூசிக் காயவைத்துக் கொடுத்தேன். மிச்சத் தூசை ஈரத்துணியால் ஒற்றி, கவரில் கட்டி அப்புறப்படுத்தினோம்.