சிங்க்குக்கு அடியில் டிஸ்போசர்: முதலில் பைப்பைப் பாருங்கள்

டிஸ்போசர், அதாவது உணவுக் கழிவைச் சிங்க்குக்கு அடியிலேயே அரைத்துத் தண்ணீரோடு பைப்பில் அனுப்பும் இயந்திரம், வாங்கலாம் என்று முடிவு செய்தவர்கள் என்னிடம் முதலில் கேட்பது எத்தனை ஹெச்.பி. (மோட்டாரின் குதிரைத்திறன்) எடுக்கலாம் என்று. அதை அப்புறம் பேசலாம், முதலில் சிங்க்குக்கு அடியில் இருக்கும் கதவைத் திறந்து, கழிவுநீர் பைப் சுவருக்குள் நுழைகிற இடம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று டேப் வைத்து அளந்துவிட்டு வாருங்கள் என்றுதான் சொல்வேன். இந்த ஒரு அளவு சரியாக இருந்தால் மற்றதெல்லாம் ஒரு விடுமுறை நாளில் முடிகிற வேலை. இது சரியில்லை என்றால் எவ்வளவு நல்ல இயந்திரத்தை மாட்டினாலும் கொஞ்ச நாளில் நாறும், அடைக்கும், கடைசியில் யாரும் ஸ்விட்சைத் தொடாமல் அப்படியே விட்டுவிடுவார்கள்.

காரணம் எளிதுதான். டிஸ்போசர் இல்லாத சிங்க்கில் ஓட்டைக்குக் கீழே வடிகால் இணைப்பான வேஸ்ட் கப்ளிங், அதற்குக் கீழே கொஞ்சம் தண்ணீரைத் தேக்கி நாற்றம் மேலே வராமல் தடுக்கும் டிராப், அங்கிருந்து சுவர். டிஸ்போசர் வந்துவிட்டால் ஓட்டைக்குக் கீழே அரவை அறை தொங்குகிறது, தண்ணீர் வெளியேறும் வாய் அந்த அறையின் பக்கவாட்டில் இருக்கிறது, அதனால் முன்பு இருந்ததைவிட நன்றாகக் கீழே இறங்கிவிடுகிறது. சுவர் பைப் அந்த வாயைவிட உயரத்தில் இருந்தால், தண்ணீர் சுவர் பைப்பின் மட்டம் வரை நிரம்பிய பிறகுதான் வழிந்து ஓடும். அதாவது அரவை அறைக்குள்ளேயே எந்நேரமும் அழுக்குத் தண்ணீர் நிற்கும். அரைத்த துகள்கள் அதிலேயே ஊறிக் கெட்டுப்போகும். மோட்டாருக்குள் தண்ணீர் இறங்காமல் காக்கிற சீலும் சீக்கிரம் போய்விடும். எங்கள் வீட்டில் சுவர் பைப் உயரமாகத்தான் இருந்தது. பிளம்பரைக் கூப்பிட்டு, சுவரைக் கொஞ்சம் உடைத்து, பைப்பைக் கீழே இறக்கிய பிறகுதான் இயந்திரத்தையே வாங்கினோம். அந்தத் தூசியும் செலவும் அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது, ஆனால் இன்று வரை அந்தச் சிங்க்கில் தண்ணீர் தேங்கியதில்லை.

ஒவ்வொரு மாடலுக்கும் தயாரிப்பாளர் ஒரு வரைபடம் தருவார், சிங்க்கின் அடியிலிருந்து வாயின் நடுப்பகுதி வரை எத்தனை மில்லிமீட்டர் என்று அதில் இருக்கும். சிங்க்கின் ஆழத்தையும் அதையும் கூட்டிப் பார்த்தால் வாய் எங்கே வந்து நிற்கும் என்று வாங்குவதற்கு முன்பே தெரிந்துவிடும். ஆழமான சிங்க் வைத்திருப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும், சிங்க் ஆழமாக ஆக வாயும் இறங்கும். டிராப்பிலிருந்து சுவர் வரை போகிற கிடைப் பைப்புக்கும் ஒரு சரிவு வேண்டும், ஒரு மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர் என்பது நல்ல கணக்கு. டிராப் என்றால் வளைந்த குழாயாக இருக்கும் பி டிராப்தான். பாட்டில் டிராப் இருந்தால் கழற்றிவிடுங்கள், அரைத்த துகள் எல்லாம் அதன் அடியில் போய்ப் படியும். வளைகிற நெளிவுக் குழாயும் வேண்டாம், அதன் ஒவ்வொரு மடிப்பிலும் கழிவு ஒட்டிக்கொள்ளும்.

அடுத்து சிங்க்கின் ஓட்டை. பெரும்பாலான டிஸ்போசர்கள் 90 மில்லிமீட்டர், அதாவது மூன்றரை அங்குல ஓட்டைக்காகச் செய்யப்பட்டவை. உங்கள் சிங்க்கின் ஓட்டை அதைவிடச் சிறியது என்றால், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருந்தால் வேலை தெரிந்த ஒருவரை வைத்துப் பெரிதாக்கலாம். பீங்கான், கல் சிங்க் என்றால் நான் கை வைக்க மாட்டேன், விரிசல் விட்டால் சிங்க்கே போய்விடும். ஸ்டீல் சிங்க்கிலும் தகடு ரொம்ப மெல்லியதாக இருந்தால் யோசியுங்கள். இயந்திரம் ஐந்து கிலோவிலிருந்து பத்து கிலோ வரை இருக்கும், அது முழுவதும் அந்த ஓட்டையின் விளிம்பில்தான் தொங்கப் போகிறது, அதோடு அதிரவும் செய்யும்.

இந்த இயந்திரத்துக்குள் சுழலும் கத்தி இருக்கிறது என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பெரும்பாலான மாடல்களில் கத்தியே கிடையாது. அடியில் ஒரு வட்டத் தட்டு வேகமாகச் சுழல்கிறது, அதன் மேல் இரண்டு சின்ன உலோகக் கட்டிகள் அசைகிற மாதிரி பொருத்தப்பட்டிருக்கின்றன, சுழற்சியில் கழிவு ஓரத்துக்குத் தள்ளப்பட்டு, சுற்றிலும் இருக்கும் பல் வைத்த வளையத்தில் உரசித் துகளாகிறது, தண்ணீர் அதை அடித்துக்கொண்டு போகிறது. இது தெரிந்தால் பல விஷயம் தானாகப் புரியும். நார் நிறைந்த தோலை ஏன் போடக் கூடாது? வெட்டுவதற்கு அங்கே கத்தி இல்லை, நார் கட்டிகளில் சுற்றிக்கொள்ளும். தண்ணீர் இல்லாமல் ஏன் ஓட்டக் கூடாது? அரைத்ததை எடுத்துப்போக வேறு எதுவும் இல்லை.

ஹெச்.பி. கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். மூன்றில் ஒரு பங்கு, அரை, முக்கால், ஒன்று என்று கிடைக்கிறது. மூன்றில் ஒரு பங்கை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை, சீக்கிரம் திணறும். இரண்டு மூன்று பேர் இருக்கும் வீட்டுக்கு அரை போதும், தினமும் நிறையச் சமைக்கிற பெரிய குடும்பம் என்றால் முக்கால். அதற்கு மேல் கொடுக்கிற காசுக்கு முக்கியமாகக் கிடைப்பது சத்தம் குறைவு, அரவை இன்னும் நைசு. அரவை அறை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா என்று பார்ப்பது ஹெச்.பி. பார்ப்பதைவிட முக்கியம் என்பது என் கருத்து. மூடியைப் பொருத்தினால்தான் ஓடுகிற வகையும் உண்டு, சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதைத்தான் வாங்கச் சொல்வேன்.

மின்சாரம். சிங்க்குக்கு அடியில் ஒரு பிளக் பாயின்ட் வேண்டும், அது பைப் இணைப்புகளுக்கு நேர் கீழே இருக்கக் கூடாது, பக்கச் சுவரில் கொஞ்சம் உயரத்தில் இருக்கட்டும். எர்த் கட்டாயம். கசிவு மின்சாரத்தை உணர்ந்து இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் பிரேக்கர் அந்த லைனில் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள், இல்லை என்றால் போட்டுவிட்டுத்தான் மற்ற வேலை. ஈரக் கையோடு தொடப்போகிற ஸ்விட்ச் என்பதால் ஏர் ஸ்விட்ச் வைப்பதுதான் நல்லது. மேடையில் ஒரு பட்டன் இருக்கும், அதை அழுத்தினால் ஒரு மெல்லிய குழாய் வழியாகக் காற்று போய்க் கீழே இருக்கும் பெட்டியில் இணைப்பைத் தட்டிவிடும், கை படுகிற இடத்தில் மின்சாரமே இல்லை. கொஞ்சம் கூடுதல் செலவு, ஆனால் இதில் கணக்குப் பார்க்காதீர்கள்.

இனி மாட்டுகிற வேலை. பழைய கப்ளிங்கைக் கழற்றி, ஓட்டையைச் சுற்றியுள்ள பழைய பசையை எல்லாம் சுரண்டி, துடைத்து, நன்றாகக் காய விடுங்கள். இதில் அவசரப்பட்டால் கசிவு நிச்சயம். பிளம்பர் புட்டியை (கசிவை அடைக்கும் மென்மையான பசை) கையில் உருட்டிக் கயிறு மாதிரி செய்து, சிங்க்கின் ஓட்டையில் உட்காரும் விளிம்பு வளையமான ஃபிளாஞ்சின் அடியில் சுற்றி வைத்து, மேலிருந்து ஓட்டைக்குள் அழுத்த வேண்டும். கல் சிங்க் என்றால் புட்டியில் இருக்கும் எண்ணெய் கறை விடும், அதற்குச் சிலிகான்தான். கீழேயிருந்து வாஷர், அப்புறம் தாங்கு வளையம், அப்புறம் மாட்டு வளையம், கடைசியாக எல்லாவற்றையும் பிடித்து நிறுத்தும் ஸ்னாப் ரிங். இந்த ஸ்னாப் ரிங்தான் முழு வேலையிலும் கஷ்டமான கட்டம். மல்லாந்து படுத்துக்கொண்டு, ஒரு கையால் வளையங்களை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் இறுக்கமான கம்பி வளையத்தை விரித்துப் பள்ளத்தில் உட்கார வைக்க வேண்டும். யாராவது மேலே நின்று ஃபிளாஞ்சை அழுத்திப் பிடித்தால் வேலை பாதியாகும். உட்கார்ந்த பிறகு மூன்று ஸ்க்ரூவையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள், ஒன்றை முழுசாக இறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போனால் ஃபிளாஞ்ச் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். மேலே சுற்றிலும் ஒரே அளவில் புட்டி பிதுங்கி வந்தால் சரியாக உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

வயர் இணைப்பு தேவைப்படும் மாடல் என்றால் அதை இயந்திரம் தரையில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். டிஷ்வாஷர் இருக்கிறதா? அதன் கழிவுநீர்க் குழாயை இணைக்க இயந்திரத்தின் மேல்பக்கம் சின்னதாக ஒரு குழாய் வாய் இருக்கும், அதை உள்ளே ஒரு அடைப்பு மூடியிருக்கும், ஸ்க்ரூடிரைவர் வைத்துத் தட்டி உடைத்து, உள்ளே விழுந்த துண்டை மறக்காமல் வெளியே எடுக்க வேண்டும். டிஷ்வாஷர் இல்லை என்றால் அதைத் தொடவே வேண்டாம்.

தூக்கி மாட்டுவது பார்க்கப் பயமாக இருந்தாலும் செய்ய எளிது, அடியில் பலகையோ பெட்டியோ அடுக்கி இயந்திரத்தைத் தேவையான உயரத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் மேலே இருக்கும் காதுகளை மாட்டு வளையத்தில் பொருத்தித் திருப்பினால் போதும். வாய் டிராப்பை நோக்கி இருக்கும்படி திருப்பிவிட்டு அப்புறம் பூட்டுங்கள். பைப்பை வலுக்கட்டாயமாக இழுத்து வளைத்து இணைக்காதீர்கள், அதிர்வில் அந்த இணைப்புதான் முதலில் கசியும்.

கசிவு சோதிப்பதற்கு குழாயைத் திறந்து பார்த்தால் போதாது. சிங்க்கை அடைப்பானால் மூடி, முழுக்கத் தண்ணீர் நிரப்பி, சற்று நேரம் விட்டு ஃபிளாஞ்சைச் சுற்றிக் காய்ந்த காகிதத்தால் தொட்டுப் பாருங்கள். பிறகு அடைப்பானை ஒரேயடியாக எடுத்துவிட்டு ஒவ்வொரு இணைப்பையும் அதே மாதிரி பாருங்கள். அதன் பிறகு இயந்திரத்தை ஓடவிட்டு இன்னொரு முறை.

சுவருக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதும் பைப் விஷயம்தான். 1927இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ரசீன் என்ற ஊரில் ஜான் ஹேம்ஸ் என்ற கட்டடக் கலைஞர் உருவாக்கிய இயந்திரம் இது, 1935இல் காப்புரிமை வாங்கினார், 1938இல் இன்சிங்க்எரேட்டர் நிறுவனத்தைத் தொடங்கினார். ஆனால் அதே நாட்டில் நியூயார்க் நகரத்தின் பெரும்பகுதியில், பழைய சாக்கடைக் குழாய்கள் தாங்காது என்று பல ஆண்டுகள் வீடுகளில் தடை இருந்தது, 1997இல்தான் அது நீங்கியது. ஆகவே உங்கள் உள்ளாட்சி விதியையும், அடுக்குமாடி என்றால் குடியிருப்புச் சங்கத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். கழிவு செப்டிக் டேங்க்குக்குப் போகிறது என்றால் திடப்பொருள் அதிகமாகச் சேரும், வழக்கத்தைவிட அடிக்கடி சுத்தம் செய்ய வேண்டிவரும். கழிவுநீர் கடைசியில் நல்ல சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய், அங்கே கசடிலிருந்து உயிரி எரிவாயு (பயோகேஸ்) எடுக்கிறார்கள் என்றால் நீங்கள் அரைத்தது உபயோகமாகிறது. நேராக ஏதோ ஒரு நீர்நிலையில் கலக்கிறது என்றால் தயவுசெய்து மாட்டாதீர்கள். தோட்டமும் மண்ணும் இருக்கிறவர்களுக்கு உரக்குழியைவிடச் சிறந்தது எதுவுமில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன், டிஸ்போசர் அந்த வசதி இல்லாதவர்களுக்கு.

ஓட்டுகிற முறை சுலபம். முதலில் குளிர்ந்த தண்ணீர், அப்புறம் ஸ்விட்ச், அப்புறம் கழிவைக் கொஞ்சம் கொஞ்சமாக. சுடுதண்ணீர் கொழுப்பை உருக்கிப் பைப்புக்குள் கொண்டுபோய் அங்கே உறைய வைக்கும், குளிர்ந்த தண்ணீரில் அது கெட்டியாகவே இருந்து அரைபட்டுப் போகும். எண்ணெயை ஊற்றவே கூடாது. சோறு, மாவுப் பண்டம் எல்லாம் மொத்தமாகத் தள்ளினால் டிராப்பில் உப்பி அடைத்துக்கொள்ளும். அரைக்கும் சத்தம் நின்று வெறும் சுழலும் சத்தம் வந்த பிறகும் கால் நிமிடம் தண்ணீர் ஓடட்டும், இது முக்கியம், பைப்பில் கிடப்பதும் போக வேண்டுமே.

ஸ்விட்ச் போட்டால் உறுமல் மட்டும் கேட்டு, சுழலவில்லை என்றால் ஏதோ சிக்கியிருக்கிறது. சத்தமே இல்லை என்றால் மின்சாரம் வரவில்லை, அல்லது உள்ளே இருக்கும் பாதுகாப்பு ஸ்விட்ச் விழுந்திருக்கிறது. எதுவானாலும் முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள், கையை உள்ளே விடாதீர்கள், சிக்கியதை இடுக்கியால் எடுங்கள். நிறைய மாடல்களில் அடியில் நடுவில் ஒரு அறுகோணக் குழி இருக்கும், ஆலன் கீயை அதில் விட்டு இரண்டு பக்கமும் திருப்பினால் தட்டு விடுபடும், சில நிமிடம் ஆற விட்டுப் பக்கத்தில் இருக்கும் சிவப்பு பட்டனை அழுத்தினால் மறுபடி ஓடும். அந்த ஆலன் கீயை இயந்திரத்தின் உடம்பிலேயே டேப் போட்டு ஒட்டி வையுங்கள், தேவைப்படும்போது வேறு எங்கேயும் தேட வேண்டியிருக்காது.

நாற்றம் வந்தால் அரவை அறையைக் குறை சொல்வதற்கு முன் சிங்க் வாயில் இருக்கும் ரப்பர் மடலைத் திருப்பி அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள், பெரும்பாலும் அழுக்கு அங்கேதான் ஒட்டியிருக்கும். பிளக்கை எடுத்துவிட்டுப் பழைய டூத் பிரஷ்ஷும் சோப்பும் வைத்துத் தேய்த்தால் போய்விடும். அடைப்பு நீக்குகிற ரசாயனப் பொடி, திரவம் எதையும் உள்ளே ஊற்ற வேண்டாம், ரப்பரையும் சீலையும் அரித்துவிடும்.