கஸ்ஸாலினு நெனச்சேன், கஸேலியாம்

போன மாசம் மெல்போர்ன்ல இருக்குற மச்சான் வீடியோ கால்ல ஃபூட்டி மேட்ச் காட்டுனான். நம்ம ஃபுட்பால் இல்ல, அவங்க ஊரு ஆட்டம், முட்ட மாதிரி பந்து, ஒரு பக்கத்துக்கு 18 பேரு, கிரிக்கெட் கிரவுண்டு மாதிரி வட்டமா மைதானம், ரெண்டு கடைசிலயும் நாலு நாலு கம்பம். நடு ரெண்டு கம்பத்துக்குள்ள ஒதச்சா 6 பாயிண்ட், ஓரத்துல போனா 1. ஒருத்தன் முதுகுல கால வச்சு இன்னொருத்தன் மேல ஏறி பந்த புடிக்கிறான், அம்பயர் ஒண்ணுமே சொல்லல! அந்த நேரம் மச்சான் "அப் தேர் கஸேலி"னு, அதாவது மேல போ கஸேலினு கத்துனான், என் காதுல விழுந்தது கஸ்ஸாலி. கீழக்கரைல தெருவுக்கு ரெண்டு கஸ்ஸாலி இருப்பான், நம்ம ஊரு பய எவனோ அங்க போயி ஆடுறான் போலனு ஆசையா கேட்டா விழுந்து விழுந்து சிரிக்கிறான்.

அது ராய் கஸேலியாம், அந்த காலத்து ஃபூட்டி பிளேயரு. 1893ல மெல்போர்ன்ல பொறந்தவரு, வீட்டுல பத்தாவது புள்ள. 1911ல செயின்ட் கில்டா டீம்ல பெரிய பிளேயருங்க எல்லாம் நிர்வாகத்தோட மல்லுக்கட்டி ஸ்ட்ரைக்ல இருந்தப்ப, ஆளு இல்லாம இவரை எறக்கி விட்டுருக்காங்க. அப்பறம் 1921ல சவுத் மெல்போர்னுக்கு போனாரு. செயின்ட் கில்டாவுக்கு 99 மேட்ச், சவுத்துக்கும் 99 மேட்ச், ரெண்டு எடத்துலயும் நூறுக்கு ஒண்ணு கொறச்சலு, எனக்கு தான் மனசு கேக்கல. இந்த ரெண்டு டீமும் இருந்த பெரிய லீக்ல ஆடுன வரைக்கும் ஒரு கோப்பை கூட ஜெயிக்கல.

ஆனா விஷயம் அது இல்ல. மனுசன் ஒசரம் 180 சென்டிமீட்டர் தான். அவர் ஆடுன எடம் ரக், அதாவது அப்பல்லாம் அம்பயர் பந்த தரையில அடிச்சி எழுப்புனதும் எகிறி அத தன் ஆளுக்கு தட்டி விடணும், அதுக்கு பனமரம் மாதிரி ஆளா பாத்து போடுவாங்க. இவரு என்ன செஞ்சாருன்னா, வீட்டு ஷெட்டுல பந்த கயித்துல கட்டி தொங்கவிட்டு எகிறி எகிறி பழகியிருக்காரு, எகிறும்போதே மூச்ச நல்லா உள்ள இழுப்பாராம், அப்படி இழுத்தா ஒடம்பு இன்னும் மேல போகும்னு ஒரு நம்பிக்கை. காத்து இழுத்தா ஆளு மெதக்க மாட்டான், அது எனக்கும் தெரியும். ஆனா மூச்சையும் குதியையும் ஒண்ணா சேத்து பழகுனா எப்ப எகிறணுங்குற கணக்கு ஒடம்புல ஒக்காந்துரும்ல, அது தான் வேல செஞ்சிருக்கும்னு எனக்கு தோணுது.

இத மாமாகிட்ட சொன்னேன். மாமா முப்பது வருசம் சங்கு குளிச்சவரு, கண்ணாடி மாட்டி, கால்ல அலுமினியத் தட்ட கட்டிக்கிட்டு, நாலு பாகம் அஞ்சு பாகம் ஆழத்துக்கு தம் கட்டி எறங்கி மணல்ல சங்கு ஊர்ந்த தடத்த தேடுற ஆளு. பொறுமையா கேட்டுட்டு சொன்னாரு, "மேல போறவனுக்கு என்னடா மூச்சு, அங்க தான் காத்து சும்மா கெடக்கே." அதோட முடிஞ்சிதுனு நெனச்சேன், கொஞ்ச நேரங்கழிச்சி அவரே கேட்டாரு, "கூட யாரு இருந்தா?"

சரியான கேள்வி. கூட ஃப்ளைட்டர்னு ஒருத்தரு, 'ஸ்கீட்டர்'னு பட்டப்பேரு, டாண்டினு இன்னொருத்தரு, மூணு பேரும் ஒரு செட்டு. எதிராளி இவர் மேல வந்து விழாம ஃப்ளைட்டர் மறிச்சிக்கிட்டு நிப்பாரு, பந்து வந்ததும் "அப் தேர் கஸேலி"னு கொரல் குடுப்பாரு, இவரு எகிறுவாரு. அந்த சத்தத்த ஜனம் புடிச்சிக்கிச்சு, அப்பறம் ரெண்டாம் உலகப் போருல ஆஸ்திரேலியா பட்டாளத்துக்காரங்க அதயே கத்திக்கிட்டு சண்டைக்கு போனாங்களாம். மாமா தலையாட்டுனாரு. வள்ளத்துல நிக்கிறவன் சரியில்லன்னா குளிக்கிறவன் செத்தான்னாரு, ஒரு தடவ நடந்ததையும் சொன்னாரு, அத இங்க எழுத வேணாம்.

நடுவுல 1925ல மின்யிப்னு ஒரு பட்டிக்காட்டு ஊருக்கு கோச்சா போயி ஒரு வருசம் ஆடிட்டு திரும்ப வந்தாரு, கடைசி காலம் டாஸ்மேனியாவுல, 1963ல அங்கயே ஹோபார்ட்ல மவுத், எறந்துட்டாரு. அதுக்கு முன்னால ஹாத்தார்ன் டீமுக்கு கோச்சா இருந்தப்ப அதுக்கு 'ஹாக்ஸ்', அதாவது பருந்துங்கங்குற பட்டப்பேர வச்சதும் இவரு தான்னு சொல்லுவாங்க.

நேத்து சாயங்காலம் கடக்கரையில, கச்சான் காத்து மண்ண வாரி அடிச்சிக்கிட்டு இருக்கு, பயலுக பந்து ஆடிக்கிட்டு இருந்தானுங்க. அதுல ஒரு கஸ்ஸாலி, இருக்குறதுலயே குட்ட. கார்னர்லருந்து பந்து ஒசரமா வருது, எனக்கு வாய் சும்மா இருக்குமா, "மேல கஸ்ஸாலி!"னு ஒரு சத்தம் போட்டேன். அவன் எகிறல. என் பக்கம் திரும்பி "என்ன காக்கா?"ங்குறான் (எங்க ஊருல அண்ணன காக்கானு தான் கூப்புடுவோம்), பந்து அவன் தலைக்கு மேல போயி கடல்ல விழுந்துருச்சு.